கழுத்து, தோள் இறுக்கத்துக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய இதமான தொக்கணம்

கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் வாரக்கணக்கில் நின்றுவிடும் இறுக்கம், கணினி முன் அமர்ந்திருப்பவர்களுக்கும் தையல் இயந்திரத்தில் குனிந்திருப்பவர்களுக்கும் குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் சுமப்பவர்களுக்கும் பொதுவான தொல்லை. தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். அது முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்காமல் முன்னால் சாய்ந்திருக்கும் நேரமெல்லாம் கழுத்தின் பின்புறத் தசைகள் அதை விழாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எலும்போ நரம்போ பாதிக்கப்படாத நிலையில், இந்த வகை இறுக்கத்தை முறையான பயிற்சி இல்லாத ஒருவரும் தம் வீட்டாருக்குப் பாதுகாப்பாகத் தளர்த்திவிட முடியும். இங்கே சொல்லப்படுவது அதற்கான தொக்கணத்தின், அதாவது கையால் பிடித்தும் அழுத்தியும் தளர்த்துவதன், செய்முறை மட்டுமே. கழுத்தின் பின்புறம், தோள், மேல்முதுகு ஆகியவற்றைத் தாண்டி இது செல்லவில்லை.

முதலில் ஒரு நம்பிக்கையை விலக்கிவிட வேண்டும். பிடிப்பு விட வேண்டுமானால் கண்ணில் நீர் வரும் அளவுக்கு வழித்துவிட வேண்டும் என்று நம் ஊரில் பலரும் எண்ணுகிறார்கள். வலிமையான கையைத் தேடிப் போகிறார்கள். ஆனால் வலி ஏற்படும்போது தசை தன்னைக் காத்துக்கொள்ளவே முற்படுகிறது. மூச்சு நின்று, தோள் காதுப்பக்கம் ஏறி, தளர வேண்டிய இடம் மேலும் இறுகுகிறது. அப்படி வழித்த மறுநாள் கிடைக்கும் இலகுவில் பெரும்பகுதி, வலி நின்றுவிட்டதால் வரும் ஆறுதலே என்பது என் எண்ணம். தசை விட்டுக்கொடுக்கும் வரை காத்திருக்கும் கைக்குத்தான் நீடித்த பலன் கிடைக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு ஆய்வாளர்கள், தொடுதலைக் கொண்டுசெல்லும் பருமனான நரம்பிழைகளின் செய்தி தண்டுவடத்தை அடையும்போது, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்திக்கு அங்கேயே ஓரளவு தடை ஏற்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதன் நுட்பங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும், இடித்துக்கொண்ட முழங்காலை நாம் ஏன் உடனே தேய்த்துவிடுகிறோம் என்பதை அது நன்றாகவே விளக்குகிறது. இதைத் தவிர, மயிருள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே உள்ள நுண்ணிய நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போது அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன, அந்த வேகத்தையே மனிதர்கள் இதமானது என்றும் சொல்கிறார்கள். அவசரமாகத் தேய்க்கும் கை இந்த வேகத்தைப் பலமடங்கு தாண்டிவிடுகிறது.

சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று தொக்கணம். அந்தத் தொக்கணத்தையும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டில் செய்வதற்குப் பிடித்தல், அழுத்தல், அசைத்தல் ஆகிய மூன்றும் போதும். இவற்றுக்கு முன்னும் பின்னும் நீவுதலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முறுக்கலும் இழுத்தலும் கழுத்தில் கற்றவர் கைக்கு மட்டுமே உரியவை. அவற்றை விட்டுவிடுவதால் பலன் குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

எப்போது கை வைக்கக் கூடாது

இந்தப் பகுதியைப் படிக்காமல் அடுத்ததற்குச் செல்லக் கூடாது. கழுத்து வலியோடு காய்ச்சலும் கடுமையான தலைவலியும் சேர்ந்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்த முடியாத விறைப்பு இருந்தால் அது மூளையுறை அழற்சியாக இருக்கக்கூடும்; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோள், தாடை, கை ஆகியவற்றில் வலியோடு நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் இவற்றில் ஏதேனும் தோன்றினால், வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமலேயே வரக்கூடும் என்பதால் இதில் தயக்கம் காட்டக் கூடாது.

கை விரல்கள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையிலோ காலிலோ பலம் குறைவது, நடை தள்ளாடுவது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் நில்லாமல் போவது ஆகியவை தண்டுவடமோ நரம்பு வேரோ நெருக்கப்படுவதைக் காட்டும் அறிகுறிகள். கீழே விழுந்தோ வாகனத்தில் அடிபட்டோ தொடங்கிய கழுத்து வலியை, மருத்துவர் பார்த்து எலும்பு முறிவு இல்லை என்று சொல்லும் வரை தொடக் கூடாது. படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பிவிடும் வலி, காரணமில்லாத எடைக் குறைவோடு வரும் வலி ஆகியவற்றுக்கும் முதலில் பரிசோதனைதான் தேவை.

வேறு சிலருக்கு முழுவதும் விலக்கு இல்லை, ஆனால் எச்சரிக்கை வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குச் சிறிய அழுத்தமும் கன்றிப்போகச் செய்யலாம். அவர்களுக்கு நீவுதலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர்களின் முதுகில் எடையைச் சாய்த்து அழுத்தவே கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள எலும்பிணைப்புகள் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், பின்னால் வரும் மண்டையடிப் பிடியை அவர்களுக்குச் செய்யக் கூடாது. கருவுற்றிருப்பவர்களும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் தம் மருத்துவரைக் கேட்ட பிறகே இதில் இறங்க வேண்டும். தோலில் அக்கி, புண், கொப்புளம், ஆறாத காயம் இருக்கும் இடம் கைக்குரிய இடமில்லை.

கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மோவாய்க்குக் கீழே இருபுறமும் மூளைக்குச் செல்லும் பெரிய தமனிகள் ஓடுகின்றன. அங்கே இரத்த அழுத்தத்தை உணர்ந்து இதயத் துடிப்பை மாற்றும் ஒரு பகுதியும் இருக்கிறது. அந்த இடத்தை அழுத்தினால் சிலருக்குத் துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரும். ஆகவே துடிப்பு விரலில் படும் எந்த இடத்திலும் அழுத்தக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். முடிதிருத்தகத்தில் செய்வதுபோலத் தலையைத் திடீரென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும் வழக்கத்தை வீட்டில் யாரும் முயலக் கூடாது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் செல்கிறது. திடீர்த் திருப்பத்தில் அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரக்கூடும். அப்படி நேர்வது அரிது என்பது உண்மைதான். ஆனால் ஒரு சொடக்குச் சத்தத்துக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டிய தேவை என்ன?

ஆயத்தம்

அறையில் காற்று நேரே மேலே படாதபடி மின்விசிறியைக் குறைத்துவிட வேண்டும். குளிர்ந்த தோலுக்குக் கீழே தசை எளிதில் தளராது. உணவுக்குப் பிறகு குறைந்தது ஒன்றரை மணி நேரம் கழிந்திருப்பது நல்லது. செய்பவர் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவித் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பெறுபவர் மேலாடையைத் தளர்த்திக்கொண்டு, கை படாத இடத்தைத் துண்டால் மூடிக்கொள்ளலாம். குடும்பத்துக்குள்ளேயே என்றாலும், எங்கே தொடப் போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் கேட்பது அவசியம். தயக்கத்தோடு உட்கார்ந்திருப்பவருடைய தோள் கடைசி வரை இறங்குவதில்லை. கூச்சம் இருப்பவருக்கு மெல்லிய பருத்தித் துணியின் மேலேயே எண்ணெய் இல்லாமல் பிடித்துவிடலாம். நீவுதல் மட்டும் சற்றுக் குறையும், மற்றவை அனைத்தும் அப்படியே நடக்கும்.

முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் பெறுபவரை அமரச் செய்து, முன்னால் உள்ள மேசையில் 2 தலையணைகளை அடுக்கி, கைகளை மடித்து வைத்து, அவற்றின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முக்காலி இல்லையென்றால் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கவாட்டாக உட்காரலாம். பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். தலை எதன் மீதாவது சாய்ந்திருப்பது இந்த ஏற்பாட்டில் முக்கியமானது. தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் கழுத்தைத் தளர்த்த முயல்வது வீண்வேலை.

எண்ணெய் எதுவாக இருந்தாலும் 2 தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. நல்லெண்ணெய் தடிமனாக இருப்பதால் கை மெதுவாக நகரும். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் தோலில் ஊறிவிடும். சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் உளுந்துத் தைலம் போன்றவற்றை வழக்கமாகப் பயன்படுத்துபவர்கள் அதையே தொடரலாம். எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்கி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும். எண்ணெய் மிகுந்துவிட்டால் பிடி வழுக்கும், பிடித்தல் என்பதே நடக்காது. கற்பூரமும் புதினா உப்பும் கலந்த வலிநிவாரணப் பூச்சுகளை இதோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. அவை தரும் எரிச்சல் கலந்த குளிர்ச்சியில் பெறுபவரால் அழுத்தத்தின் அளவைச் சரியாகச் சொல்ல முடியாது. அவற்றைப் பூசிய இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடவும் கூடும்.

தொடங்கும் முன் ஒரு சிறிய அளவீடு செய்துகொள்ள வேண்டும். பெறுபவர் நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் மெதுவாக வலப்புறமும் பிறகு இடப்புறமும் திருப்பி, கண்ணில் படும் கடைசிப் பொருள் எது என்று சொல்லட்டும்: சன்னல் கம்பியா, நாட்காட்டியா, கதவு நிலையா என்று. முடிவில் மறுபடியும் இதையே செய்து பார்த்தால், உங்கள் கை என்ன செய்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். அத்துடன், வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லும் பழக்கத்தையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். செய்முறை முழுவதிலும் அந்த எண் 4ஐத் தாண்டக் கூடாது.

செய்முறை

முதலில் ஒத்தடம். கல் உப்பை வெறும் வாணலியில் வறுத்துப் பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொள்ளலாம், அல்லது வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக்கொள்ளலாம். நொச்சி இலை கிடைக்கும் ஊர்களில் அதை வதக்கிக் கட்டுவதும் வழக்கம். தோளிலும் பின்கழுத்திலும் 10 நிமிடம் போதும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு அதிகமாவது தெரியாது என்பதால், சூட்டைச் செய்பவரே தம் கையில் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒத்தடத்துக்குப் பிறகு உடனே பிசையத் தொடங்க வேண்டாம். இரு உள்ளங்கைகளையும் இரு தோள்களிலும் வைத்து, அவர் 5 அல்லது 6 முறை மூச்சு விடும் வரை அசையாமல் இருங்கள். எந்தத் தோள் உயர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கெட்டியாக இருக்கிறது, மூச்சு வெளியேறும்போது தோள் இறங்குகிறதா என்பதெல்லாம் இந்தச் சிறு நேரத்தில் கைக்குத் தெரிந்துவிடும். பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கோ முழுச் செய்முறையிலும் இதற்கு ஈடான படி வேறில்லை என்றே தோன்றுகிறது.

அடுத்தது நீவுதல். மண்டையோட்டின் அடிவிளிம்பில் தொடங்கி, முதுகெலும்புக்குப் பக்கத்தில் உள்ள சதையின் வழியாக இறங்கி, தோளின் மேற்புறமாகத் தோள்முனை வரை உள்ளங்கையால் ஒரே ஓட்டமாக நீவ வேண்டும். இந்தத் தொலைவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு முறை நீவ 5 விநாடிகள் எடுத்துக்கொண்டால் வேகம் சரியாக இருக்கும். மனத்துக்குள் எண்ணிக்கொண்டே செய்யலாம். ஒரு கை தோள்முனையை அடையும் முன்பே மறு கை கழுத்தில் தொடங்கிவிட்டால் தொடுதல் அறுபடாது. ஒவ்வொரு பக்கமும் பத்து முறை செய்யும்போது, முதல் சில முறைகள் தோலை மட்டும் தொடும் அளவுக்கும், பின்னவை சற்று ஆழமாகவும் இருக்கட்டும்.

இனி பிடித்தல். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் மேட்டில் விரலுக்குப் பிடிபடும் தசை ட்ரபீசியஸ் எனப்படுவது. அது தலையின் பின்புறத்திலிருந்து தோள் வரை விரிந்து, முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே வரை இறங்கும் அகன்ற தசையின் மேற்பகுதி. நான்கு விரல்களை முன்புறமும் உள்ளங்கையின் அடிமேட்டைப் பின்புறமும் வைத்து, அந்தத் தசையை எலும்பிலிருந்து விலக்கி மேலே தூக்குவதுபோலப் பிடித்து, இரண்டு மூச்சு நேரம் வைத்திருந்து, மெதுவாக விட வேண்டும். விரல்நுனியால் கிள்ளினால் தோல்தான் வலிக்கும். முன்பக்க விரல்கள் காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் இறங்கிவிடக் கூடாது. கைக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக்குழாய்களும் அந்த வழியாகச் செல்கின்றன. கழுத்தின் அருகே தொடங்கித் தோள்முனை வரை மூன்று அல்லது நான்கு இடங்களில் இப்படிப் பிடித்துவிட்டு மறுபடியும் தொடக்கத்துக்கு வரலாம். பரோட்டா மாவை அடித்துப் பிசைவதுபோல் தசையைப் புரட்டிப் போட வேண்டிய தேவை இல்லை. பிடித்தால் அசையாமல் பிடிப்பது, விட்டால் முழுவதும் விடுவது என்ற ஒழுங்கே தசைக்கு நம்பிக்கையைத் தருகிறது.

அழுத்தல்தான் மிகுந்த கவனத்தைக் கோருவது. கழுத்தைத் திருப்பும்போது வெட்டுவதுபோல் வலிக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலையில் தொட்டவுடன் முகம் சுளிக்கும் ஓர் இடம் இருக்கும். கழுத்தின் மேலுள்ள நான்கு எலும்புகளிலிருந்து இறங்கி வரும் லெவேட்டர் ஸ்கேபுலே என்னும் தசை அங்கேதான் வந்து ஒட்டுகிறது. அந்த மூலையைக் கண்டுபிடிக்க, பெறுபவரைத் தம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னால் தோள்பட்டை எலும்பின் விளிம்பு எழும்பித் தெரியும். விளிம்பின் வழியே விரலை மேலே கொண்டுசென்றால் மூலை கிடைத்துவிடும். கையைப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, மூலைக்கு ஒரு விரல் அளவு மேலே, கழுத்துப் பக்கமாக, கயிறுபோல் உருளும் இழையைத் தேட வேண்டும்.

இத்தகைய தொட்டால் வலிக்கும் முடிச்சுகளை விரிவாக வரைபடமாக்கியவர்கள் ஜேனட் ட்ராவெல், டேவிட் சைமன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள். ட்ராவெல், ஜான் எஃப். கென்னடி குடியரசுத் தலைவராக இருந்தபோது அவருக்கு மருத்துவராகப் பணியாற்றியவர். முடிச்சு இருக்கும் இடம் ஒன்றாகவும் வலி தெரியும் இடம் வேறாகவும் இருக்கும் என்பதை அவர்கள் வலியுறுத்தினார்கள். தோள்மேட்டில் உள்ள முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரிவது இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். அந்த முடிச்சுகளுக்குள் உண்மையில் நடப்பது என்ன என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், அழுத்தும்போது வலி எங்கே போகிறது என்று கேட்டுப் பார்ப்பது செய்பவருக்கு நல்ல வழிகாட்டி.

அழுத்தும் முறை இதுதான். கட்டைவிரலை இழையின் மேல் வைத்து, மறு கையின் விரல்களால் அதற்கு மேல் தாங்கல் கொடுத்து, முழங்கையை முறுக்காமல், உங்கள் உடல் எடையைச் சிறிது சிறிதாக முன்னால் சாய்த்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். கட்டைவிரல் மூட்டின் பலத்தை மட்டும் நம்பினால் சில நாட்களில் வலி உங்களுக்கு வந்துவிடும். பெறுபவர் 3 என்று சொன்னவுடன் அங்கேயே நிறுத்தி, ஆழத்தைக் கூட்டாமலும் தேய்க்காமலும் 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை காத்திருங்கள். அதே அழுத்தத்தில் அவர் சொல்லும் எண் 3லிருந்து 2ஆக, 1ஆக இறங்கும். விரலுக்குக் கீழே இழை மிருதுவாவதும் தெரியும். இறங்கிய பிறகு, எவ்வளவு மெதுவாக அழுத்தினீர்களோ அவ்வளவு மெதுவாகக் கையை எடுக்க வேண்டும். எண் இறங்காமல் ஏறினால் அந்த இடம் இன்றைக்கு இசையவில்லை என்று பொருள். அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள், அப்போதும் ஏறினால் விட்டுவிடுங்கள். ஒரே இடத்தை மூன்று முறைக்கு மேல் அழுத்தக் கூடாது, முதுகெலும்பின் மேடுகளின் மீது நேரடியாக ஒருபோதும் அழுத்தக் கூடாது.

வாய் சொல்வதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பெரியவர்கள் பலர் மரியாதைக்காகவோ பெருமைக்காகவோ பொறுத்துக்கொண்டு, இன்னும் நன்றாக அழுத்து என்றே சொல்வார்கள். மூச்சு நின்றுவிடுவது, கால்விரல்கள் மடங்குவது, தோள் காதை நோக்கி ஏறுவது, பேச்சு திடீரென நின்றுபோவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். வர்ம முறையில், உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளான 108 வர்மங்களில் 12 அடிபட்டால் பேராபத்தான படுவர்மங்களாகவும் 96 தொடுவர்மங்களாகவும் சொல்லப்படுகின்றன; கழுத்திலும் தலையிலும் உள்ளவற்றைக் கற்றவர்களே எச்சரிக்கையோடுதான் அணுகுகிறார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டு வர்மப் புள்ளிகளை அழுத்திப் பார்ப்பது இந்தச் செய்முறையில் சேராது.

மண்டையடிப் பிடிக்குப் பெறுபவர் மல்லாந்து படுக்க வேண்டும். தலையணை வேண்டாம், முழங்காலுக்கு அடியில் ஒன்றை வைத்தால் முதுகு தளரும். நீங்கள் தலைமாட்டில் அமர்ந்து, முழங்கைகளைப் பாயிலோ மெத்தையிலோ ஊன்றி, இரு கைகளையும் அவருடைய தலைக்கு அடியில் நுழைத்து, நடுவில் உள்ள மூன்று விரல்களின் நுனிகளை மண்டையோட்டின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே, மிருதுவான பள்ளத்தில் நிறுத்துங்கள். அங்கே தலையை ஆட்டவும் திருப்பவும் உதவும் சிறிய தசைகள் நான்கு இணைகளாக இருக்கின்றன; திரையை உற்றுப் பார்ப்பவர்களுக்கு அவை எப்போதும் இறுகியே இருக்கும். நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. தலையின் எடையே விரல்நுனிகளின் மேல் மெல்ல இறங்கி அழுத்தத்தைத் தரும். 2 அல்லது 3 நிமிடங்களில் தலை கனமாவதுபோலத் தோன்றும். அவர் தலையைத் தாமாகப் பிடித்துவைத்திருப்பதை விட்டுவிட்டார் என்பதற்கு அது அடையாளம். தலையை இழுப்பது, திருப்புவது, பின்னால் தொங்கவிடுவது எதுவும் கூடாது. தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், முகம் மரத்துப்போவது ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். சில நிமிடங்களில் தெளியாத தலைசுற்றலுக்கும், மற்ற மூன்றில் எதற்கும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

கடைசியாக அசைத்தல். அவர் படுத்திருக்கும் நிலையிலேயே ஒரு கையை மணிக்கட்டிலும் முழங்கையிலும் தாங்கித் தூக்கி, கையின் முழு எடையும் உங்களிடம் வரும்வரை காத்திருந்து, சிறிய அளவில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பலரும் தம் கையைத் தாமே தூக்கி உதவி செய்வார்கள். உதவ வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னால் போதும். தோள்பட்டையைப் பின்புறமும் முன்புறமும் இரு கைகளால் அணைத்துப் பிடித்துச் சிறு வட்டமாகச் சுழற்றுவதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். தோள் மூட்டு உறைந்து கையை உயர்த்த முடியாமல் இருப்பவர்களிடம் வலி தொடங்கும் எல்லைக்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

பிறகு அவரை உட்காரவைத்து முன்போலவே சில முறை நீவி, துண்டால் எண்ணெயைத் துடைத்து, தொடக்கத்தில் செய்த அளவீட்டை மறுபடியும் செய்து பாருங்கள். எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 நிமிடங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் பலன் கூடுவதில்லை, மறுநாள் வலிதான் கூடுகிறது.

தனியாக இருப்பவர்களுக்கு

உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட சதையில் பந்து படும்படி நிற்கலாம். கால்களை முன்னால் நகர்த்தினால் அழுத்தம் கூடும், பின்னால் நகர்த்தினால் குறையும். முன் சொன்ன 4 என்ற எல்லை இங்கும் பொருந்தும். ஒரே இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். இரண்டு பந்துகளை ஒரு காலுறைக்குள் இட்டு முடிச்சுப் போட்டு, மல்லாந்து படுத்து மண்டையடிப் பள்ளத்தில் வைத்துக்கொள்வதும் உண்டு; கடினமான கிரிக்கெட் பந்து இதற்கு ஏற்றதல்ல. வலது கையால் இடது தோள்மேட்டைப் பிடித்தபடி இடது தோளை மெதுவாக ஏற்றி இறக்குவது, பேருந்திலோ அலுவலகத்திலோ கூடச் செய்யக்கூடியது.

முடிந்த பின்

எண்ணெய்க் காலோடு குளியலறைக்கு நடக்கும் முதியவர் வழுக்கி விழுவது இந்த முழுச் செய்முறையிலும் நேரக்கூடிய பெரிய விபத்து. பாதத்தைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்பி, ஒரு நிமிடம் உட்காரவைத்த பின்பே நடக்கவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம். அரை மணி நேரம் கழித்து வெந்நீரில் குளிக்கலாம், எண்ணெய் போகப் பயற்றமாவு போதும். உடம்பிலுள்ள கழிவுகள் வெளியேறுவதற்காக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்வதற்குத் தக்க சான்று இல்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒன்றிரண்டு நாள் இலேசான உளைச்சல் இருப்பது இயல்பு. நீலம் பாய்ந்திருந்தால் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தை அது மறையும் வரை விட்டுவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை செய்யலாம். கையால் கிடைக்கும் நிவாரணம் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோ நிற்பது. அந்த இடைவெளியில் கழுத்தையும் தோளையும் தாமாக அசைத்துப் பயிற்சி செய்பவர்களுக்கே அது நிலைக்கிறது. இலகுவாக இருக்கும் அந்த நேரத்தில் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து 5 விநாடி வைத்திருந்து விடுவதைப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரத்தில் ஒரு தலையணை வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வானது போதும். கைப்பேசியைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்ப்பதையும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளாவிட்டால், இன்று தளர்ந்தது நாளை மாலைக்குள் மறுபடியும் இறுகிவிடும்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் தலை திரும்பும் அளவு கூடவில்லை என்றாலோ, வலி கைக்கு இறங்கத் தொடங்கினாலோ இதை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரையோ பதிவு பெற்ற சித்த மருத்துவரையோ பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறைப் பிரிவு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தொக்கணத்தை முறையாகப் பயின்றவர்கள் பார்க்கிறார்கள். செல்லும்போது வலி எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, நீங்கள் அழுத்திய இடத்திலிருந்து அது எங்கே பரவியது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் பரிசோதனை எளிதாகும்.